குறை பெட்டியில்தான்

கடையிலிருந்து வந்ததும் முதலில் செருப்பைக் கழற்றுவார். அடுத்து கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுவார். முகம் கழுவுவது, மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்பது, இடுப்பெலும்பு முறிந்து கூடத்தில் படுத்திருக்கும் மாமனாரை எட்டிப் பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் நினைவிருந்தால். தகட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மண்டியிட்டு, பெட்டியின் வயிற்றுக்குள் காதைக் கொடுத்துக் கேட்பார். உள்ளே விசிறிகள் சுற்றும். ஊதாவும் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் அவர் கன்னத்தில் மாறி மாறி விழும். "இன்னிக்கு ரொம்ப மூச்சு வாங்குது," என்பார்.

நர்ஸ் வேலையில் மூச்சு வாங்கும் நெஞ்சுகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அது வெறும் தூசு அடைத்த விசிறி. பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்துத் துடைத்தால் தீர்ந்துவிடும். ஆனால் துடைப்பதெல்லாம் அவர் கணக்கில் வைத்தியம் இல்லை. உறுப்பை மாற்ற வேண்டும். எந்த உறுப்பை என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவர் ஒரு கோடைக்காலத்தையும் ஒரு மழைக்காலத்தையும் ஓட்டிவிட்டார்.

தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே அவரைப் பார்த்தால் வேறு ஆள். என் கண்ணாடியின் காது ஒடிந்தபோது போயிருந்தேன். நாற்காலியில் உட்காரவைத்து, கனமான இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, சீட்டாடுகிறவர் கை போல வில்லைகளைப் போட்டு எடுத்தார். "இதுல தெளிவா, அதுல தெளிவா? யோசிக்காதீங்கம்மா, டக்குனு சொல்லுங்க. யோசிச்சா தப்பாயிடும்." நான் டக்கென்று சொன்னேன். அவர் டக்கென்று எழுதினார். எனக்கு அடுத்து உட்கார்ந்தவர் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே என்று இழுத்தார். அப்படியென்றால் முடிந்தது என்று அவரையும் எழுப்பி அனுப்பிவிட்டார். ஒரு மதிய நேரத்தில் பத்துப் பேரின் பார்வையைத் தீர்மானிக்கிற மனுஷன் அவர்.

நாற்பதைத் தாண்டி முதல்முறையாகப் படிக்கும் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் வெட்கப்படுவார்கள். அவர்களுக்கென்று அவரிடம் ஒரு தனிக் குரல் உண்டு. "முடி நரைக்குது, ஒத்துக்கறோம்ல? கண்ணும் அதே மாதிரிதான் சார். இதுல என்ன இருக்கு?" ஐம்பதை நெருங்கும் அவர் தலைக்கு மாதம் தவறாமல் சாயம் பூசிக்கொள்கிறார். கண்ணாடி போடுவதில்லை. போனை நீட்டிய கையின் கடைசியில் பிடித்துப் படிக்கிறார். கை இன்னும் ஒரு சாண் நீளமாக இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். ஒருநாள் மாமனாரின் மாத்திரை அட்டையை அவரிடம் நீட்டி, தேதி முடிந்துவிட்டதா பாருங்கள் என்றேன். முன்னால் கொண்டுபோனார், பின்னால் கொண்டுபோனார், சன்னல் பக்கம் திரும்பினார். "இப்பல்லாம் எவனும் ஒழுங்கா அச்சடிக்கறதில்ல," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் அந்த வீட்டுக்குப் போவது அவருடைய மாமனாருக்காக. லாரி ஓட்டி ஓய்ந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, அறுவை முடிந்து, மகள் வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் போய்க் குளிப்பாட்டி, பகலில் பயிற்சி செய்யவைத்து, சாயங்காலம் வாக்கரைப் பிடித்து நடக்கவைத்து, இரவுச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். குளியலறையை ஒட்டிய அறைதான் அவருக்குச் சரி என்று வந்த அன்றே சொன்னேன். அந்த அறையில் கணினி இருந்தது. வயரெல்லாம் செட் பண்ணியாச்சு, இனி நகர்த்த முடியாது என்றார் கண்ணாடிக்காரர். ஆகவே எலும்பு முறிந்த மனிதர் கூடத்தில் படுத்தார். முறியாத பெட்டி அறையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளமான நடைவழி. பெரியவர் அதில்தான் நடை பழகினார்.

குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். எந்தக் கம்பி நல்லது என்று பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தார். எஃகா, மேலே ரப்பர் போட்டதா, திருகு எத்தனை, சுவர் தாங்குமா என்று வீடியோக்களாகப் பார்த்தார். ஒருநாள் அவர் கடையில் இருந்தபோது, அவர் மனைவி ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, டீ ஆறுவதற்குள் கம்பியைப் பொருத்திவிட்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், காரியம் முடிப்பது அவளுக்குப் பழக்கம். சாயங்காலம் அவர் வந்து கம்பியைத் தட்டிப் பார்த்தார். இது அவ்வளவு நல்ல மாடல் இல்லை என்றார்.

பெட்டிக்கு வருகிறேன். அது ஒன்பது வருஷப் பெட்டி. விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் குட்டிப் பெண்ணாக இருந்தபோது வாங்கியது. அந்தக் காலத்தில் அதைவிட வேகமான பெட்டி தெருவிலேயே இல்லையாம். இருந்திருக்கலாம். இப்போது அதைத் தட்டி எழுப்புவதற்குள் நான் பெரியவருக்கு ஒரு கால் பயிற்சி முடித்துவிடுவேன். முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமே என்றால் முகம் சுருங்கிவிடும். அடிப்படை நல்ல பெட்டியாம். ஒரே ஒரு பாகம்தான் இழுக்கிறதாம்.

'பாட்டில்நெக்' என்பது அவர் வாயில் அதிகம் புரளும் சொல். எல்லாப் பாகமும் வேகமாக இருந்து ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால், அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் பிடித்து இழுத்துவிடும். அதற்குத்தான் அந்தப் பெயர். அது பெட்டிக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர் தேடிய தேடலை, அந்த வீட்டில் யாராவது தொலைந்த சாவிக்குத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டாக இருக்கலாம். ஆனால் புதுக் கார்டு போட்டால் பழைய பவர் சப்ளை தாங்காது. அதையும் மாற்றினால் சூடு அதிகமாகும், இன்னொரு விசிறி வேண்டும். விசிறிக்கு இடம் வேண்டுமென்றால் பெட்டியே பெரிதாக வேண்டும். ஒருவேளை கார்டில் குறை இல்லாமல் ரேமில் இருந்தால்? ரேமிலும் இல்லாமல் பிராசஸரில் இருந்தால்? பிராசஸரை மாற்றினால் மதர்போர்டு ஒத்துக்கொள்ளாது. இப்படி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்து, நாளைக்கு மறுபடி கிளம்புவார்.

எல்லாரிடமும் கருத்துக் கேட்பார். நடைபயிற்சி சொல்லித்தர வந்த தெரபிஸ்டிடம் கேட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் கேட்டார், அவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டுவிட்டு, ரெண்டையும் மாத்திடுங்க சார் என்று சொல்லித் தப்பினார். என்னிடமும் கேட்டார். எது உடைந்திருக்கிறதோ அதை மாற்றுங்கள் என்றேன். எதுவும் உடையவில்லையே என்றார். அப்படியானால் எதையும் மாற்றாதீர்கள் என்றேன். அதற்கப்புறம் என்னிடம் கேட்கவில்லை.

மனைவியிடம் கேட்பதை அவர் விடவில்லை. அவள் துணி மடிக்கும்போது, போனில் இரண்டு கார்டுகளின் படத்தைக் காட்டி எது என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இதுல பாதி யோசிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

"அது எங்கம்மா முடிவு பண்ணது," என்றார் அவர், முழு நேர்மையோடு.

பெரியவர் கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். மருமகன் முகத்துக்கு நேரே மரியாதைதான். "என்ன மாப்ளே, வண்டி இன்னும் ஷெட்லதான் நிக்குதா?" என்பதற்கு மேல் போகமாட்டார். நடக்கவைக்கும்போது என்னிடம் சொல்வார்: "வண்டியத் திட்டுற டிரைவருங்களோட நிறைய ஓடியிருக்கேன் சிஸ்டரம்மா. கிளட்ச் சரியில்லம்பான், பிரேக் சரியில்லம்பான். அதே வண்டிய இன்னொருத்தன் எடுத்தா ஜம்முனு போகும்."

இத்தனை அலைச்சலும் எதற்கு என்றால், நாலு பேருக்காக. அவரையும் சேர்த்து நாலு பேர். இணையத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை எட்டு வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. குரல்தான். காதில் மாட்டினால் வேர்க்கிறது என்று அவர் ஒலிபெருக்கியிலேயே போட்டுவிடுவதால், அவர்கள் குரல் எங்களுக்கும் பழக்கம். டயர் கடை வைத்திருப்பவருக்கு ஆட்டத்தில் பெயர் டாக்டர். கட்டைக் குரல்காரர் பெயர் பேபி. எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே பேசுகிறவர் சுண்டெலி. நம்மவர் கேப்டன். கதவை முதலில் உதைத்துத் திறந்து உள்ளே போகிறவர் அவர். மற்றவர்கள் அவர் பின்னால் வருவார்கள். அப்படித்தான் எட்டு வருஷம் ஆடியிருக்கிறார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் குரல் மாறும். கூடத்தில் இருக்கும்போது மின்சாரக் கட்டணம் கட்டியாச்சா என்று கேட்டால் கூட மனைவியைத் திரும்பிப் பார்க்கிற மனிதர், அங்கே, "பேபி, இடது பக்கம் போ. டாக்டர், படியைப் பாத்துக்கங்க. முன்னால நான் போறேன், விடுங்க, நான் பாத்துக்கறேன்," என்பார். நான் பாத்துக்கறேன் என்ற வார்த்தையை அந்த வீட்டில் வேறெந்த விஷயத்துக்கும் அவர் செலவழித்து நான் கேட்டதில்லை.

ஒரு வருஷமாக அந்தக் கேப்டன் கதவைத் திறந்ததும் முதலில் விழுகிறார். யாராவது சுட்டுவிடுகிறார்கள். விழுந்தால் அந்தச் சுற்று முடியும்வரை மற்ற மூவர் ஆடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரம்பத்தில் அவர்கள் கிண்டல் செய்தார்கள். "கேப்டன், எதிராளிக்கு வணக்கம் சொல்லிட்டு சுடறீங்களா?" என்று சுண்டெலி கேட்டார். பிறகு கிண்டல் நின்றது. கிண்டல் நிற்பது நல்ல அறிகுறி இல்லை. நோயாளியைச் சுற்றி நிற்பவர்கள் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். கேப்டன் ஒரே பதிலைத்தான் சொன்னார். சிஸ்டம் இழுக்குது. நான் அழுத்தறேன், அது லேட்டா எடுக்குது.

இந்த நிலையில் அவர்கள் ஒரு புது ஆட்டத்துக்கு மாற முடிவு செய்தார்கள். அதில் ஒரு போட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது, அணிக்கு நாலே இடம். புது ஆட்டத்துக்கு நல்ல பெட்டி வேண்டும். டாக்டரின் மச்சான் ஒருவன், கை வேகமான பையனாம், இடம் கிடைக்குமா என்று காத்துக்கொண்டிருந்தான். யாரும் கேப்டனைப் போகச் சொல்லவில்லை. போட்டிக்குள்ள உங்க சிஸ்டம் ரெடியாயிடும்ல என்று மட்டும் கேட்டார்கள். ஆகவில்லை என்றால் மச்சான் உட்காருவான் என்பது சொல்லாமலே விளங்கியது. கேட்டவர்களைவிட அவருக்கு நன்றாக விளங்கியது. அன்றைக்கு அவர் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார், ஆறிப்போனதும் எழுந்தார்.

ஒருவழியாகக் கிராபிக்ஸ் கார்டு வந்தது. வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தால் பெரிய ஆளுக்குப் பூட்ஸ் வாங்கியதுபோல் இருந்தது, பிரித்தால் உள்ளே ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது. பழைய கார்டைக் கழற்றினார். கார்டு இல்லாமல் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, திரையின் கேபிளைப் பின்பக்கம் மேலே இருந்த துளையில் செருகிப் பார்த்தார். உயிரோடு இருந்தது. புதுக் கார்டை உள்ளே விட்டால் போகவில்லை, நீளம். குறுக்கே இருந்த இரும்புக் கூண்டைக் குறட்டால் வளைத்து, ஒரு பக்கம் அறுத்து, விரலில் வெட்டிக்கொண்டு, என்னிடம் வந்து கட்டுப் போட்டுக்கொண்டு, மறுபடி போய் உள்ளே திணித்து மூடினார். வேலையில் அப்படி ஒரு சுறுசுறுப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை.

பிறகு எங்களைக் கூப்பிட்டார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெரியவரை வாக்கரோடு வாசல்வரை கொண்டுபோனேன்.

"வித்தியாசம் தெரியுதா?" என்றார். "புல்லைப் பாருங்க. முன்னாடி கோடு கோடா வரும். இப்ப எவ்வளவு மென்மையா இருக்கு? நிழலைப் பாருங்க, பட்டு மாதிரி."

எனக்குப் பச்சையாக ஒரு தரை தெரிந்தது. நிழல் என்று சொல்லும்படி எதையும் காணவில்லை. மனைவி நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுத்தவர் வாயில் வார்த்தையைத் திணித்துவிட்டு அதையே பதிலாக வாங்கிக்கொள்கிற கெட்ட பழக்கம் கடையில் அவருக்கு இல்லை. இந்த அறையில் உண்டு. திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது, வேகத்தைக் காட்டும் எண்ணாம். அதை அணைத்துவிட்டார். எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டத்தை ரசிக்க முடியாது என்றார்.

புது ஆட்டம் அந்த மென்மைக்கு மசியவில்லை. பயிற்சிக்கு உட்கார்ந்தால் படம் திக்கித் திக்கி வந்தது. கேப்டன் கதவை உதைப்பார், கதவு திறப்பதற்குள் செத்திருப்பார். ஆகவே குறை ரேமில்தான் என்று முடிவானது. ரேம் வந்தது. மறுபடி எங்களைக் கூப்பிட்டார். மறுபடி வித்தியாசம் தெரிந்தது, அவருக்கு. பிறகு குறை டிஸ்க்கில் என்றார். டிஸ்க் வந்தது. வித்தியாசம் தெரிந்தது. பிறகு விசிறி. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மலரும், மறுநாள் சாயங்காலம் வாடும். பெரியவர் இதற்குள் வாக்கர் இல்லாமல் நாலடி வைக்கத் தொடங்கிவிட்டார். அதைப் பார்க்க மருமகனை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் விசிறிச் சத்தத்தில் கேட்டிருக்காது.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசிப் பயிற்சி. பெட்டி சூடாகிறது என்று அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பெரியவரை நடைவழியின் அந்தக் கோடிவரை கூட்டிப்போய், மூச்சு வாங்கியதால் அறை வாசலுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்திருந்தேன். உள்ளே கேப்டன் வழக்கம்போல முதலில் விழுந்து, வழக்கம்போல, டிஸ்க்கும் மாத்தியாச்சு, விசிறியும் மாத்தியாச்சு, இன்னும் இழுக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரின் குரல் கொஞ்சம் தயங்கி வந்தது.

"கேப்டன், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்கிரீன் கேபிள் பின்னாடி எதுல இருக்கு? மேல போர்டுல இல்லையே? கீழ, புதுக் கார்டுலதானே?"

"என்ன டாக்டர், என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? கீழதான்."

"இல்ல, மச்சான் ஒரு தடவை அப்படிப் பண்ணிட்டான். மேல சொருகிட்டு ஒரு வாரம் ஆடியிருக்கான். கார்டு உள்ள சும்மா உக்காந்திருந்துச்சு, வேலையே பாக்கல. அதான் கேட்டேன்."

சுண்டெலி கொறிப்பதை நிறுத்தியது கேட்டது. தண்ணி குடிச்சிட்டு வரேன் என்றார் கேப்டன். மைக்கை அணைத்தார். தண்ணீர்ச் செம்பு பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. மேசைக்கு அடியில் புகுந்தார். வாசலிலிருந்து பார்த்தால் அவருடைய பின்பக்கம் மட்டும் தெரிந்தது. போன் விளக்கைப் போட்டு, பெட்டியின் முதுகுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார், பிறகு தலையைப் பின்னுக்கு இழுத்தார், அவ்வளவு குறுகலான இடத்தில் கண்ணுக்கு எட்டும் தூரம் கிடைக்கவில்லை. கடைசியில் விரலால் தடவினார். கேபிள் மேலேதான் இருந்தது. கார்டு இல்லாமல் சோதித்தபோது செருகியது, செருகின இடத்திலேயே இருந்தது. கீழே புதுக் கார்டின் துளைகளில், கடையில் போட்டுக் கொடுத்த சின்னக் கறுப்பு மூடிகள் கழற்றப்படாமல் அப்படியே இருந்தன.

ஒரு மூடியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். கேபிளை மேலிருந்து உருவி, கீழே செருகினார். வெளியே வந்தபோது எங்களைப் பார்த்தார்.

"கேபிள் கொஞ்சம் லூசா இருந்துச்சு," என்றார்.

நாங்கள் கேட்கவில்லை.

திரை ஒருமுறை இருண்டு மறுபடி வந்தது. இந்தத் தடவை எனக்கே தெரிந்தது. புல் தனித்தனியாக நின்றது. சுவரில் காரை பெயர்ந்த இடம் தெரிந்தது. மரத்தின் நிழல் தரையில் அசைந்தது. இத்தனை வாரமாக அவர் மென்மை என்று மெச்சியதெல்லாம், அங்கே இருக்க வேண்டியது எதுவும் இல்லாமல் இருந்ததைத்தான். இந்தத் தடவை வித்தியாசம் தெரியுதா என்று அவர் யாரையும் கூப்பிடவில்லை.

மைக்கைப் போட்டார். ஆரம்பிக்கலாம் என்றார்.

ஆரம்பித்தார்கள். திக்கல் எதுவும் இல்லை, படம் தண்ணீர்போல ஓடியது. கதவை உதைத்தார், உதைத்த கணமே திறந்தது. உள்ளே ஒரு கூடம், ஒரு படிக்கட்டு, மேலே ஒரு சன்னல். சன்னலில் ஒரு தலை எழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவர், கண்புரை அறுத்து ரெண்டு வருஷமானவர், "மாடில ஒருத்தன், மாப்ளே," என்றார். அதற்குப் பிறகுதான் மருமகனின் கை அசைந்தது. அசைந்து முடிவதற்குள் கேப்டன் தரையில் கிடந்தார்.

அடுத்த சுற்றில் படிக்குப் பின்னால் ஒருவன். நான் பார்த்தேன். பெரியவர் பார்த்தார். இந்தத் தடவை அவர் என் கையை மட்டும் அழுத்தினார். கேப்டன் அவனைத் தாண்டியே போனார். மூன்றாவது சுற்றில் எதிரே நேராக ஒருவன் வந்து நின்றான், இதைவிட நன்றாக ஒரு ஆளைக் காட்ட முடியாது. கண்ணாடிக்காரர் திரையிலிருந்து முகத்தைப் பின்னுக்கு இழுத்தார், போனைப் பிடிக்கும்போது இழுப்பாரே, அப்படி. இழுத்து, பார்த்து, அழுத்தினார். நேரமாகிவிட்டிருந்தது.

மற்ற மூவரும் அந்தச் சுற்றை முடித்துவிட்டு வரும்வரை அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி மடித்த துணிகளோடு நடைவழியில் வந்தவள், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இப்ப எப்படி இருக்கு கேப்டன்?" டாக்டர் கேட்டார். பரிவான குரல். "இழுக்குதா?"

பேபியின் வீட்டில் எங்கோ ஒரு குழந்தை அழுவதுகூட ஒலிபெருக்கியில் கேட்டது.

"இழுக்குது டாக்டர்," என்றார். "மதர்போர்டுதான். அதை மாத்தாம ஒண்ணும் ஆகாது. ஞாயித்துக்கிழமை மச்சான் ஆடட்டும். போர்டு வந்ததும் நான் வந்துடறேன்."

சரிங்க கேப்டன் என்று டாக்டர் சொன்னதில் கொஞ்சம் அவசரம் இருந்தது. சீட்டு உங்களோடதுதான் கேப்டன், எப்ப வேணா வாங்க என்றார் பேபி. ஒவ்வொரு குரலாக அணைந்தது.

அவர் கொஞ்ச நேரம் அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, மறுபடி மேசைக்கு அடியில் இறங்கினார். கேபிளைக் கீழிருந்து உருவினார். திரை இருண்டது. தடவித் தடவி மேல் துளையைக் கண்டுபிடித்து அதில் செருகினார், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து அந்தக் கறுப்பு மூடியை எடுத்து, புதுக் கார்டின் துளையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.